கொடைக்கானலில் கடலை ஏன் வேகவில்லை?

போன மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போயிருந்தோம். வேனில் பதினோரு பேர். வாடகை வீட்டில் சமைத்துக்கொள்ளலாம் என்று அரிசி, பருப்பு, அடுப்பு, குக்கர் எல்லாம் மதுரையிலிருந்தே ஏற்றிக்கொண்டு போனோம். போய்ப் பார்த்தால் குக்கர் மூடியில் கேஸ்கட் இல்லை. கழுவிக் காயப்போட்டது வீட்டு ஜன்னல் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. சரி, குண்டானில் வேகவைத்துக்கொள்ளலாம் என்று இரவே ஊறவைத்த கொண்டைக்கடலையை அத்தை காலை ஏழு மணிக்கு அடுப்பில் ஏற்றினார். ஒன்பது மணிக்கு ஒரு கடலையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை.

"ஏப்பா, தண்ணி தளதளன்னு கொதிக்குது, கடலை மட்டும் அப்படியே கெடக்கு. இந்த ஊரு கேஸுல சூடு இல்லையா?" என்று கேட்டார். யாரோ போய் அடுப்பை இன்னும் பெரிதாக வைத்தார்கள். தண்ணீர் இன்னும் ஆவேசமாகக் கொதித்தது. கடலை வேகவில்லை.

அத்தை கேட்டது சரியான கேள்வி. சூடு குறைவுதான். ஆனால் குறை அடுப்பில் இல்லை. குண்டானுக்கு மேலே இருந்த காற்றில் இருந்தது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்து வைத்திருக்கிறோம். அந்த வரியோடு ஒட்டி வரவேண்டிய இன்னொரு பாதி நம் நினைவில் நிற்பதில்லை: கடல்மட்டத்தில், காற்றழுத்தம் 1013 மில்லிபார் இருக்கும்போது. இந்தப் பாதியை விட்டுவிட்டால் 100 என்பது தண்ணீரின் குணம் போலத் தோன்றும். உண்மையில் அது தண்ணீரும் காற்றும் சேர்ந்து போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

ஒரு குண்டானை அடுப்பில் வைத்துப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். முதலில் பாத்திரத்தின் அடியிலும் ஓரத்திலும் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவை தண்ணீரில் கரைந்திருந்த காற்று. கொதிக்கு அவை கணக்கில்லை. அப்புறம் அடியிலிருந்து பெரிய குமிழிகள் கிளம்பும். ஆனால் மேலே வந்து சேராது, பாதி வழியிலேயே காணாமல் போகும். அந்த நேரத்தில் பாத்திரம் 'ஸ்ஸ்ஸ்' என்று இரையும். ஆவிக் குமிழிகள் மேலே இருக்கிற ஆறின தண்ணீரில் பட்டு நொறுங்குகிற சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் அந்த இரைச்சல் அடங்கும். குமிழிகள் முழுசாக மேலே வந்து உடையும். உலை கொதித்துவிட்டது என்று நம் வீட்டுப் பெண்கள் காதாலேயே கண்டுபிடிப்பது இந்த இடத்தைத்தான்.

முதலில் நொறுங்கிய குமிழி அப்புறம் ஏன் நொறுங்கவில்லை? தண்ணீருக்குள் ஒரு குமிழி நிலைத்து நிற்க வேண்டுமானால், அதற்குள் இருக்கும் ஆவி வெளியே இருந்து அமுக்கும் காற்றுக்கு ஈடு கொடுக்க வேண்டும். தண்ணீர் எந்தச் சூட்டிலும் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கிறது, மொட்டைமாடியில் துணி காய்வது அப்படித்தான். ஆனால் 30 டிகிரியில் அந்த ஆவியின் அழுத்தம் வெறும் 42 மில்லிபார். 60 டிகிரியில் 199. 80 டிகிரியில் 474. சூடு ஏற ஏற அழுத்தம் வேகவேகமாக ஏறுகிறது. என்றைக்கு அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தொடுகிறதோ, அந்த இடம்தான் கொதிநிலை.

வெளிக்காற்றின் அமுக்கம் எவ்வளவு என்பதை அரிசிச் சிப்பத்தால் அளந்து பார்க்கலாம். எங்கள் குண்டானின் வாய் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, 20 சென்டிமீட்டர் விட்டம். மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே அந்த வாயின் மேல் காற்று அமுக்குவது சுமார் 320 கிலோ எடைக்குச் சமம். 25 கிலோ சிப்பங்களாக அடுக்கினால் பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றுக் கடலில் ஐந்தில் ஒரு பங்கு நம் காலுக்குக் கீழே போய்விடுகிறது. அங்கே அதே குண்டானின் மேல் சுமார் பத்துச் சிப்பம்தான். கிட்டத்தட்ட மூன்று சிப்பத்தை வத்தலகுண்டிலிருந்து மேலே ஏறுகிற வழியில் யாரோ இறக்கி வைத்த மாதிரி. மலைப்பாதையில் சிப்ஸ் பாக்கெட் பலூன் போல உப்புவதும், காது அடைத்துத் திறப்பதும் இதே எடை இறங்குவதால்தான்.

அமுக்குகிற எடை குறைந்தால் ஈடு கொடுக்க வேண்டிய ஆவியழுத்தமும் குறையும். ஆகவே கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுத்த தடவை போனபோது சமையல் வெப்பமானி ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்ப் பார்த்தேன். மதுரை வீட்டில் 99.5-ஐ ஒட்டி நின்ற எண், அங்கே 93-ஐத் தாண்ட மறுத்தது. பெரிய அடுப்பு, சின்ன அடுப்பு, மூடி போட்டு, போடாமல், எப்படி வைத்தாலும் அதே 93. தோராயக் கணக்கு ஒன்று உண்டு: 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி இறங்கும். லடாக்கின் லே நகரத்தில் 88 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், எவரெஸ்ட் உச்சியில் 71 டிகிரியில். இன்னும் மேலே போய் 19 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டால், நம் உடம்பின் சூடான 37 டிகிரியே தண்ணீர் கொதிக்கப் போதும். அந்த உயரத்தில் பறப்பவர்களுக்கு அழுத்த உடை வேண்டியிருப்பது அதனால்தான்.

ஊருக்குள்ளேயே வானிலை மாறினால் கொதிநிலை மாறுமா என்று கேட்கலாம். மாறும், ஆனால் சமையலுக்குத் தெரியாது. 10 மில்லிபார் இறங்கினால் கால் டிகிரி சொச்சம்தான் குறையும். கத்திரி வெயிலுக்கும் கொதிநிலைக்கும் சம்பந்தமே இல்லை.

"மலையில தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும்" என்று பலரும் சொல்வார்கள். குறைந்த சூட்டில் கொதிக்கும் என்பது சரி. சீக்கிரம் கொதிக்குமா என்றால், எங்கள் குண்டான் அப்படிச் சொல்லவில்லை. மே மாதத்தில் மதுரை மாடித் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்கு மேலேயே இருக்கும். அதை 99.5-க்குக் கொண்டுபோக 67 டிகிரி ஏற்றினால் போதும். கொடைக்கானல் குழாய்த் தண்ணீர் காலையில் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 93-க்கு ஏற்ற 78 டிகிரி வேண்டும். ஆக, அடுப்பில் காத்திருக்கிற நேரம் மலையில்தான் கூடுதல்.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்: கொதிப்பது வேறு, வேகுவது வேறு. கொதி என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவில் நடக்கிற விஷயம். வேகுவது கடலைக்குள் நடக்கிற விஷயம். அதற்குத் தெரிந்ததெல்லாம் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்ற இரண்டுதான். தண்ணீர் எவ்வளவு துள்ளுகிறது என்பதைக் கடலை பார்ப்பதில்லை. ஒரு பாத்திரத்துத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டால், அதன் சூட்டுக்குக் கூரை போட்டாயிற்று. அதற்குமேல் கொடுக்கும் நெருப்பெல்லாம் தண்ணீரை ஆவியாக்கத்தான் போகும். ஒரு லிட்டர் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 வரை சூடாக்குவதைப்போல 5 மடங்குக்கு மேல் வெப்பம், அதே ஒரு லிட்டரை முழுசாக ஆவியாக்க வேண்டும். அடுப்பைப் பெரிதாக வைத்தபோது நாங்கள் செய்தது இதைத்தான்: சிலிண்டர் கேஸை ஆவியாக்கி, ஜன்னல் வழியே மலைக்குக் கொடுத்தோம். கொதி வந்தபின் சிம்மில் வைத்து மூடினாலும் கடலைக்குக் கிடைப்பது அதே சூடு. இது மதுரைக்கும் பொருந்தும்.

ஏழு டிகிரி குறைந்ததற்கா இவ்வளவு பாடு? சமையலில் நடக்கிற மாற்றங்களின் வேகம், பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது பழைய கைக்கணக்கு. அந்தக் கணக்கில் ஏழு டிகிரிக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும். எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி இல்லை. அரிசியின் மாவுச்சத்து 80 டிகிரிக்குள்ளேயே குழையத் தொடங்கிவிடுவதால் சாதம் கொஞ்சம் தாமதமானாலும் வெந்துவிடுகிறது. அன்றைக்கு எங்களுக்கும் சாதத்தில் குறை வரவில்லை. இட்லியும் அப்படித்தான், சில நிமிடம் கூட வைத்தால் சரியாகிவிடும். பருப்பு, பயறு, கடலை வேறு சாதி. அவற்றின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை இளகினால்தான் விரலுக்கு நசுங்கும். அதற்கு 100-ஐ ஒட்டிய சூடு நெடுநேரம் வேண்டும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக இருந்தாலும் அந்தப் பசை இறுகிக்கொள்ளும். போர்த் தண்ணீரில் பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதற்கு அதுவே காரணம், அங்கே காற்றின்மேல் பழி போட முடியாது. 'உன் பருப்பு இங்கே வேகாது' என்று நம் ஊரில் சொல்வதில், ஊரைப் பொறுத்துப் பருப்பு வேகும் வேகாது என்ற அனுபவம் எங்கோ ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கு ஆசையாகத் தோன்றுவதுண்டு.

அத்தைக்கு வந்த சந்தேகம் சார்லஸ் டார்வின் கூட்டத்துக்கும் வந்திருக்கிறது. 1835 மார்ச்சில் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடக்கும்போது, ஒரு பானையில் உருளைக்கிழங்கை இரவெல்லாம் அடுப்பில் வைத்திருந்தார்கள். காலையில் மறுபடி கொதிக்கவைத்தும் வேகவில்லை. கூட வந்த ஆட்கள் இரண்டு பேர் பேசி முடிவு கட்டினார்கள்: பானை புதுசு, அதற்குக் கிழங்கு வேகவைக்க மனசில்லை. டார்வினுக்குக் காரணம் தெரியும். உயரத்தில் அழுத்தம் குறைந்ததால் கொதிநிலை இறங்கியிருக்கிறது என்று குறித்துவைத்தார்.

அதற்கு வெகுகாலம் முன்பே இது அறிவியலுக்குத் தெரிந்த சங்கதி. 1742-இல் ஸ்வீடன் நாட்டு ஆண்டர்ஸ் செல்சியஸ் தன் வெப்ப அளவுகோலை வகுத்தபோதே, கொதிநிலை காற்றழுத்தத்தோடு மாறும் என்று சொல்லி, குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தில் கொதிக்கும் புள்ளியைத்தான் எடுத்துக்கொண்டார். இதைத் திருப்பிப் போட்டால் ஒரு கருவி கிடைக்கிறது: தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து, நிற்கிற இடம் எவ்வளவு உயரம் என்று சொல்லிவிடலாம். குமாவுன் மலைநாட்டுப் பள்ளி ஆசிரியர் நைன் சிங் ராவத், அன்னியர் நுழையக்கூடாத திபெத்துக்குள் மாறுவேடத்தில் போய் 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். ஜெபமாலை மணிகளால் அடிகளை எண்ணி தூரத்தை அளந்தவர், உயரத்தை அளந்தது தேநீர்ப் பாத்திரத்தில் வெப்பமானியை விட்டு. அவர் கணக்கு இன்றைய அளவைவிடச் சில நூறு மீட்டர் குறைவு. வெப்பமானி ஒரு டிகிரி பிசகினாலே 300 மீட்டர் பிசகும் முறையில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த அளவு அது. நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

சரி, குக்கருக்கு வருவோம். காற்றின் எடை போதவில்லை என்றால் நாமே எடை வைத்துவிடலாம் என்பதுதான் குக்கரின் யோசனை. பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பின் 1679-இல் லண்டனில் அதைச் செய்து காட்டினார். இறுக்கி மூடிய பாத்திரத்தில் எலும்பே மிருதுவாகும் அளவுக்கு வேகவைத்தார். பாத்திரம் வெடித்துவிடாமல் அழுத்தத்தை வெளியேவிடும் பாதுகாப்பு வால்வும் அவருடைய கைவேலைதான். நம் வீட்டுக் குக்கரின் வெயிட் அந்த வால்வின் வாரிசு. அது துளையின்மேல் உட்கார்ந்துகொண்டு, ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கூடும் வரை விடாது. கூடினால் தூக்கிக்கொண்டு விசிலடிக்கும். மதுரையில் அப்போது உள்ளே சுமார் 120 டிகிரி. ஆஸ்பத்திரிகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் வேலை செய்வதும் ஏறக்குறைய இதே அழுத்தத்தில், 121 டிகிரியில்தான்.

இதில் ஒரு நுணுக்கம். வெயிட் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும். வெளிக்காற்றே குறைந்த கொடைக்கானலில் அதே குக்கருக்குள் சுமார் 116 டிகிரிதான் வரும். மதுரையில் நாலு விசில் விடும் பருப்புக்கு அங்கே இன்னும் ஒன்றிரண்டு வேண்டும். விசில் எண்ணிக்கையும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. பெரிய அடுப்பில் நாலு விசில் ஐந்து நிமிடத்தில் வரும், சிம்மில் வைத்தால் இருபது நிமிடம் ஆகலாம். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதே கேஸுக்கும் பருப்புக்கும் நல்லது.

அவசரத்தில் குக்கரைத் திறப்பதன் ஆபத்தும் இதே கணக்குதான். உள்ளே 120 டிகிரியில் அமைதியாக இருக்கும் தண்ணீர், அழுத்தம் போன கணத்தில் 100-க்கு இறங்கியாக வேண்டும். அந்த இருபது டிகிரி வெப்பம் அப்படியே ஆவியாகக் கிளம்பும். ஒரு லிட்டர் தண்ணீர் இருந்தால் அறுபது லிட்டர் ஆவி, நாலைந்து குடம். அதுவும் முகத்துக்கு நேரே, பருப்பையும் வாரிக்கொண்டு. மலை ஏறும்போது வண்டி சூடாகி நின்றால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே என்று டிரைவர்கள் கத்துவதும் இதற்காகத்தான். அந்த மூடியும் ஒரு வெயிட்தான். உள்ளே இருக்கிற தண்ணீரை 100-ஐத் தாண்டியும் கொதிக்கவிடாமல் வைத்திருக்கும்.

அழுத்தத்தைக் கூட்டி லாபம் பார்ப்பதுபோல், குறைத்தும் லாபம் பார்க்கலாம். அலங்காநல்லூர் என்றால் எல்லோருக்கும் ஜல்லிக்கட்டு நினைவு வரும். கூட்டுறவு சர்க்கரை ஆலை கட்டிய ஊரும் அதுதான். ஆலைக்காரருக்கு இருக்கும் சிக்கல் அத்தைக்கு நேர் எதிரானது: கரும்புச் சாறு கொதிக்கவும் வேண்டும், சூடாகிக் கருகவும் கூடாது. திறந்த கொப்பரையில் வெல்லம் காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சாறு கெட்டிப்பட கெட்டிப்படக் கொதியின் சத்தமே மாறிவிடும். குமிழிகள் கனத்து 'பொத் பொத்' என்று உடையும். தண்ணீரில் எது கரைந்தாலும் கொதிநிலை ஏறும் என்பதால், பதம் வரும் நேரத்தில் பாகு 115 டிகிரியைத் தாண்டியிருக்கும். வெல்லத்தின் நிறமும் மணமும் அந்தச் சூட்டில் வருபவை. வெள்ளைச் சர்க்கரைக்கு அந்த நிறம் ஆகாது. எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1813-இல் இதற்கு வழி கண்டார். மூடிய கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், பாகு 60, 70 டிகிரியிலேயே கொதித்து வற்றிப் படிகமாகிவிடும். உலகத்தின் சர்க்கரை ஆலைகள் இன்றும் இந்த வெற்றிடக் கலத்தில்தான் ஓடுகின்றன. கொடைக்கானலைவிட எத்தனையோ மடங்கு உயரமான மலை ஒன்றை ஒரு கலத்துக்குள் அடைத்து வைத்த மாதிரி.

கரைந்தால் கொதிநிலை ஏறும் என்றதும், உப்பைப் போட்டால் மலையில் கடலை வெந்துவிடுமா என்று என் மதினி கேட்டார். ஒரு டிகிரி ஏற்றவே ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 60 கிராம் உப்பு வேண்டும். வாயில் வைக்க முடியாது.

மலையில் கொதிக்கவைத்த தண்ணீரைக் குடிக்கலாமா என்ற கவலையும் சிலருக்கு உண்டு. குடிக்கலாம். நோய்க்கிருமிகள் சாக 100 டிகிரி தேவையில்லை, 93 தாராளம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சமவெளியில் ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்தால் போதும் என்றும், 6,500 அடிக்கு மேலே 3 நிமிடம் வேண்டும் என்றும் சொல்கிறது. கொடைக்கானல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்ட ஊர். அங்கே 3 நிமிடக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எங்கள் கடலை பதினொன்றரை மணிக்கு ஒருவழியாக நசுங்கியது. சுண்டல் காலைப் பலகாரமாக இல்லாமல் மதியச் சோற்றுக்குத் தொடுகறியாக வந்தது. மறுநாள் இறங்கும்போது, மேலே காலி செய்து மூடிவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று வேன் இருக்கையில் கிடந்தது. காமக்காபட்டி செக்போஸ்ட்டைத் தாண்டும்போது அது 'டப்' என்று சத்தம் போட்டு இடுப்பு ஒடுங்கியது. பின்சீட்டுப் பிள்ளைகள் அதை எடுத்து, யார் மிதித்தது என்று சண்டை போட்டார்கள். அத்தை வாங்கி மூடியைத் திருகினார். 'ஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டு பாட்டில் பழையபடி நிமிர்ந்தது. "நம்ம ஊரு காத்து உள்ள போயிருச்சு" என்றார்.

அந்தக் கேஸ்கட் இப்போது குக்கர் மூடியோடு நூல் போட்டுக் கட்டியிருக்கிறது.